கொண்டுவந்த பூனை ஓடிவிடுகிறதே?

கேள்வி: வீட்டில் 20 மூட்டை மல்லாட்டை இருக்கிறது. எலித் தொல்லை தாங்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரிய பூனையை இரண்டு முறை சாக்கில் கட்டிக் கொண்டுவந்தோம். இரண்டு முறையும் மறுநாளே ஓடிவிட்டது. எலி மருந்து வைத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது?
- ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: பூனை ஓடியதில் வியப்பில்லை. நாய் கூட்டமாக வாழ்ந்த இனம், ஆளோடு ஒட்டிக்கொள்ளும். பூனையின் முன்னோரான காட்டுப்பூனை தனியாக வேட்டையாடியது. மனிதன் தானியம் சேர்த்தான், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனையும் வந்தது. யாரும் கட்டி இழுத்து வரவில்லை. அதனால் இடம் பழகிய பிறகே அது ஆளை நம்பும்.

அடுத்த முறை சாக்கு வேண்டாம். காற்றோட்டமான கூடையில் கொண்டுவாருங்கள். இரண்டு, மூன்று வாரம் ஓர் அறையிலேயே வைத்திருக்க வேண்டும். ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி, மலம் கழிக்க மணல் தட்டு, தண்ணீர் போதும். தினமும் ஒரே நேரத்தில் ஒருவரே சோறு வைப்பது நல்லது. தூக்கவோ உற்றுப் பார்க்கவோ கூடாது. உற்றுப் பார்ப்பதை மிரட்டலாகவே அது எடுத்துக்கொள்ளும். தானே வந்து காலில் உரசும்போது தடவிக் கொடுக்கலாம். குட்டியாகக் கிடைத்தால் இன்னும் சுலபம். பிறந்த 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதர் கைபட்ட குட்டி விரைவில் பழகும். தாயிடமிருந்து 8 வாரத்துக்குப் பிறகு பிரிக்கலாம்.

பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பது நம் ஊரில் பலரும் செய்யும் தவறு. பசித்த பூனை சோறு கிடைக்கும் வீட்டுக்குப் போய்விடும். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். வெறும் தயிர்சோறு போதாது, மீனோ கறியோ சேர வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் கழிச்சலாகும்.

எலி மருந்தும் பூனையும் ஒரே வீட்டில் கூடாது. புரோமாடியோலோன் தின்ற எலி உடனே சாகாது. அதைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் உள்ளே ரத்தம் கசியும். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

பழக்கும்போது பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். பூனைக்கும் மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி அவசியம்.

சுண்டெலியையும் இளம் எலியையும் பூனை பார்த்துக்கொள்ளும். பெருச்சாளியிடம் பெரும்பாலான பூனைகள் நெருங்காது. அதற்குக் கூண்டு வையுங்கள், சுவரோர வளையை உடைந்த கண்ணாடியும் சிமெண்டும் வைத்து அடைத்துவிடுங்கள்.