அறிமுகம் என்ற பெயரில்

மேற்கு ஜெர்மனியில் 1968ஐ ஒட்டித் தோன்றிய சோதனை ராக் இசையைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்துகிறவர்கள் இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்கிறார்கள். ஒன்று, இது கஷ்டமான இசை, பழகிய காதுக்குத்தான் எட்டும் என்று பயமுறுத்துவது. மற்றது, பின்னால் வந்த இன்னாருக்கு இது முன்னோடி என்று சிபாரிசுக் கடிதம் கொடுப்பது. இரண்டுமே இசையைக் கேட்காமல் தப்பிப்பதற்கான உபாயங்கள் என்கிறேன் நான்.

பெயரையே எடுத்துக்கொள்வோம். க்ரௌட்ராக் என்பது ஆங்கிலப் பத்திரிகைகள் பரப்பிய பெயர். முட்டைக்கோஸைக் குறிக்கும் 'க்ரௌட்', யுத்த காலத்தில் ஜெர்மானியரை ஏசுவதற்குப் பயன்பட்ட சொல். ஃபௌஸ்ட் குழு 1973ல் தன் நான்காவது இசைத்தட்டின் முதல் உருப்படிக்கு, ஏறக்குறைய 12 நிமிஷ இரைச்சலுக்கு, இதையே தலைப்பாக வைத்துக் கேலியைத் திருப்பி அனுப்பியது. நம் அறிமுகக்காரர்கள் கேலியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த இசைக்காரர்கள் ஹிட்லரின் யுத்தம் விட்டுப்போன இடிபாடுகளுக்கிடையே வளர்ந்தவர்கள். 1933ல் நாஜிக் கட்சியில் சேர்ந்த கீஸிங்கர், 1966லிருந்து 1969 வரை அந்நாட்டின் சான்ஸலர். தகப்பன்மாரின் பாட்டு இவர்களுக்கு ஆகாது. ஜெயித்தவர்களின் ப்ளூஸைக் கடன் வாங்கவும் மனமில்லை. மிஞ்சியது தாளம். அதுவும், ராணுவ அணிவகுப்பில் கெட்டுப்போயிருந்த சீரான தாளம்.

கேன் குழு 1968ல் கொலோனில் தொடங்கியது. அதில் ஹோல்கர் சுகாயும் இர்மின் ஷ்மிட்டும் ஸ்டாக்ஹவுஸனிடம் படித்தவர்கள். ட்ரம்ஸ் வாசித்த யாக்கி லீபெட்ஸைட், கட்டற்ற ஜாஸை உதறிவிட்டு ஒரே சுழற்சியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வந்தவர். டாமோ ஸுஸுகி 1970ல் மியூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்த ஜப்பானியர்; அன்றிரவே மேடைக்கு இழுத்துவரப்பட்டவர். 'டாகோ மாகோ' (1971) தொகுப்பில் 18 நிமிஷத்தைத் தாண்டும் ஓர் உருப்படி உண்டு. அதில் யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை.

டூஸல்டார்ஃபின் நொய்! குழு இன்னும் கறாரானது. 'ஹாலோகாலோ' (1972) 10 நிமிஷம். க்ளவுஸ் டிங்கரின் ட்ரம்ஸ் நேர்கோட்டில் போகிறது. மிகேல் ரோட்டரின் கிதார் அதன்மேல் மிதக்கிறது. பத்திரிகைகள் இத்தாளத்துக்கு 'மோட்டோரிக்' என்று பெயர் வைத்தன. டிங்கருக்கு அது பிடிக்கவில்லை. ஜெர்மானியன், ஆகவே யந்திரம் என்ற சோம்பேறிச் சூத்திரத்தை அவர் ஏன் ஏற்க வேண்டும்? அணிவகுப்புத் தாளம் ஒரு கட்டளையை நோக்கிப் போகிறது. ஆயிரம் கால்களை ஒரே காலாக்குகிறது. இந்தத் தாளம் எங்கும் போய்ச் சேருவதில்லை. உச்சமில்லை, வெற்றி முழக்கமில்லை. கேட்கிறவன் எந்த இடத்திலும் உள்ளே வரலாம், போகலாம். அணிவகுப்பிடமிருந்து தாளத்தை மீட்டெடுத்தது சின்னக் காரியமல்ல. இந்த இசையின் உருவமும் அறமும் இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இதற்காக எல்லாவற்றையும் பூஜிக்க வேண்டியதில்லை. 1973ல் இரண்டாவது இசைத்தட்டுக்குப் பணம் தீர்ந்துபோக, நொய்! தன் பழைய இரண்டு பாட்டுகளையே வேகம் கூட்டியும் குறைத்தும் ஓடவிட்டு மறுபக்கத்தை நிரப்பியது. மோசடி என்றார்கள். இன்று மேதைமை என்கிறார்கள். கையில் காசில்லாதவர்களின் பிடிவாதம் என்று சொன்னால் போதாதா?

டேவிட் போவியின் 1977ம் வருஷத்து இசைத்தட்டுகளில் இந்த இசையின் சாயல் இருப்பது வாஸ்தவம். பேரன் பிரபலமானால்தான் பாட்டனைப் பார்க்கப் போவோமா? லீபெட்ஸைட்டும் சுகாயும் 2017ல் இறந்தார்கள், ஸுஸுகி 2024ல். நான் படித்த அஞ்சலிகளில் வாரிசுக் கணக்குதான் அதிகம்.

புதிதாகக் கேட்க வருகிறவர் பட்டியல்களை ஒதுக்கிவிட்டு 'ஹாலோகாலோ'வை முழுசாக, வேறு வேலையில்லாமல் கேட்கட்டும். நாலாவது நிமிஷத்தில், எப்போது ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று எரிச்சல் வரும். எரிச்சலோடேயே உட்கார்ந்திருக்கட்டும். ஏதோ ஒன்று வந்து சேரும் என்ற எதிர்பார்ப்பு விலகினால் ட்ரம்ஸ் காதில் விழும். அதற்குப் பயிற்சி தேவையில்லை. அறிமுகக்காரரும் தேவையில்லை.