கிராமத்து வைஃபைக்குத் தேவை உயரம்

கிராமத்தில் வைஃபை சரியாக எட்டவில்லை என்றால் பவரைக் கூட்ட வேண்டும் என்பது பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. கேட்க நியாயமாகவே இருக்கிறது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளின் உட்கிராமங்களில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. இடையில் வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு. நகரத்து அடுக்குமாடிக்கென்று வகுத்த அளவு இங்கே எப்படிப் போதும் என்று கேட்பவர்களும் உண்டு. உரிமமின்றி இயங்கும் கருவிகளின் திறன் வரம்பை ஊர்ப்புறத்துக்காவது தளர்த்தலாமே என்பவர்களும் உண்டு. அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் கோரிக்கை தவறான இடத்தைத் தட்டுகிறது என்பதே என் வாதம். இந்தியாவின் திறன் வரம்பு சரியான அளவில்தான் இருக்கிறது, அதைத் தொடக் கூடாது. மாற்ற வேண்டியது அதே விதியில் அதிகம் பேசப்படாமல் கிடக்கும் வேறொரு நிபந்தனையை.

முதலில் வரம்பு என்னவென்று பார்ப்போம். 2005 ஜனவரி 28 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை உரிமத் தேவையிலிருந்து விடுவித்தது. அதோடு மூன்று கட்டுப்பாடுகளை வைத்தது. கருவியின் வெளியீடு 1 வாட்டைத் தாண்டக் கூடாது. ஆன்டெனாவின் குவிப்பையும் சேர்த்து, எந்தத் திசையிலும் வெளிப்படும் பயனுறு திறன் 4 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆன்டெனா, அனுமதி பெற்ற கட்டடத்தின் கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். முதலிரண்டும் ஒன்றையே சொல்வதுபோல் தோன்றினாலும் வேறு வேறு. டார்ச் விளக்கின் பல்பு சிறியதுதான். பின்னால் உள்ள குழிந்த கண்ணாடி அதன் ஒளியை ஒரு பக்கமாகத் திரட்டுவதால் அந்தப் பக்கம் கண் கூசுகிறது. ஆன்டெனா செய்வதும் அதுவே. பல்புக்கு 1 வாட், கண்ணாடி திரட்டிய வெளிச்சத்துக்கு 4 வாட் என்று இந்த இரு எண்களையும் புரிந்துகொள்ளலாம். அமெரிக்கா 1985-லேயே இந்த அலைவரிசைகளை 1 வாட் உச்சத்துடன் பொதுப் பயனுக்குத் திறந்துவிட்டது. ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு ஆன்டெனாவையும் சேர்த்து 0.1 வாட்தான். ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் நம் வரம்பு 40 மடங்கு தாராளமானது.

உரிமமில்லாச் சுதந்திரம் எவ்வளவு அருமையானது என்பதற்குப் புதுச்சேரியின் கிராமங்களே சாட்சி. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு, கனடா நாட்டு நிதியுதவியோடு தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் அறிவு மையங்கள் எழுந்தன. தொலைபேசிக் கம்பிகளை நம்ப முடியாத காலம் அது; எனவே வில்லியனூருக்கும் ஊர்களுக்கும் இடையே வானொலி அலை வழியாகவும் தகவல் போனது. 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஆண்ட நாட்கள் அவை. உரிமம் பெறாமல் அத்தகைய கருவியை வைத்திருப்பதே குற்றம். அப்படிப்பட்ட காலத்திலும் வீராம்பட்டினத்து மீனவர்களுக்குக் கடலலையின் உயரம் ஒலிபெருக்கியில் அன்றாடம் சொல்லப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமியின்போது, சிங்கப்பூரிலிருந்து நல்லவாடு கிராமத்துக்கு வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கை, அங்கிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் முழங்கி, ஊரையே கடற்கரையை விட்டு வெளியேற வைத்தது. அதற்கு அடுத்த மாதம் வந்ததுதான் 2005 அறிவிக்கை. அன்று ஒரு பெரிய நிறுவனம் முயன்று செய்ததை இன்று ஒரு பள்ளிக்கூடமோ மகளிர் குழுவோ யாரிடமும் கைகட்டி நிற்காமல் செய்யலாம். அந்தச் சுதந்திரம் ஒரு வாக்குறுதியின் பேரில் தரப்பட்டது. யாரும் கேட்காமல் எல்லோரும் பேசலாம், ஆனால் யாரும் கூச்சலிடக் கூடாது என்பதே அந்த வாக்குறுதி. வரம்பைத் தளர்த்தினால் விடுதலைக்கான காரணமே ஆட்டம் கண்டுவிடும்.

பாகூர் ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தலைமடைக்காரர் மதகை அகலப்படுத்தினால் கடைமடை காயும். அலைவரிசையும் பொது நீர்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக் கூடிய தடங்கள் மூன்றே மூன்று. வைஃபை கருவி ஒவ்வொன்றும் பேசுவதற்கு முன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். ஒருவர் மட்டும் பத்து மடங்கு உரக்கப் பேசினால் சுற்றியுள்ள அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அவர்கள் மெல்லப் பேசுவதோ உரக்கப் பேசுபவர் காதில் விழாது; அவர்கள் பேச்சின் நடுவே அவர் புகுந்துவிடுவார். ஊர்ப்புறத்தில் யார் இருக்கிறார்கள் இடையூறுக்கு ஆளாக என்ற எதிர்வாதம் இங்கேதான் நிலைகுலைகிறது. புதுச்சேரியின் நிலப்பரப்பு ஒரே துண்டல்ல. பாகூர் பகுதி கடலூர் மாவட்டத்தோடும், வில்லியனூர் பகுதி விழுப்புரம் மாவட்டத்தோடும் கோத்துக் கிடக்கிறது. சாலையில் சற்றுத் தூரம் போவதற்குள் ஆட்சி எல்லை மாறும். இங்கே சமதளத்தில் உரக்கச் சொன்னால் அது அடுத்த மாநிலத்துப் பள்ளியின் வகுப்பறையில் போய் விழும். கொம்யூனுக்கு ஒரு வரம்பு, நகராட்சிக்கு ஒரு வரம்பு என்று பிரிக்க அலைக்கு எல்லைக்கல் தெரியாது.

அப்படிக் கூட்டினாலும் பலன் கிடைக்குமா? வெட்டவெளியில் தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு திறன் வேண்டும். மரங்கள் குறுக்கிட்டால் அதற்கும் மேல். அதோடு வைஃபை இருவழிப் பேச்சு. கோபுரத்திலிருந்து 10 வாட்டில் அனுப்பினாலும், பதில் சொல்ல வேண்டிய கைபேசியின் திறன் பெரும்பாலும் 0.1 வாட்டை ஒட்டியோ அதற்குக் கீழோதான். திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், பக்கம் மட்டும் திறக்காது. ஊருக்கும் ஊருக்கும் இடையிலான இணைப்பைப் பார்த்தாலோ தற்போதைய வரம்பே தாராளம். புதுச்சேரி நகரிலிருந்து வில்லியனூர் சுமார் 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திறனை ஏறத்தாழ 250 மடங்கு குவிக்கும் வலைத்தட்டு ஆன்டெனா ஒன்றை இரு முனையிலும் பொருத்தினால், 4 வாட் வரம்புக்குள் நிற்க கருவியிலிருந்து வெறும் 0.016 வாட் அனுப்பினால் போதும். எதிர்முனையில் வந்து சேர்வது ஒரு வாட்டின் நூறு கோடியில் ஒரு பங்கு. மிக அற்பமாகத் தோன்றும் இந்த அளவு, வைஃபை கருவி நல்ல வேகத்தில் இயங்கக் கேட்கும் குறைந்தபட்சத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் அதிகம். 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாகூருக்குக் கணக்கிட்டால் அதில் கால் பங்கு வரும், அதுவும் போதுமானதே. பெறும் ஆன்டெனாவின் குவிப்புக்கு விதியில் தடை ஏதுமில்லை என்பதால், சட்டத்துக்குள் நின்றபடியே இதைச் சாதிக்கலாம்.

இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று மறைவின்றிப் பார்க்க வேண்டும். கிராமத்தின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. இரு முனையும் ஒடுங்கி நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவில் இடம் கேட்கிறது. 10 கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் அதன் ஆரம் சுமார் 17 மீட்டர். அதில் 10 மீட்டராவது மறைப்பின்றி இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்காக மேலும் ஒன்றரை மீட்டர். கீழே நிற்கும் தென்னை 15 மீட்டர் என்றால் ஆன்டெனாக்கள் ஏறத்தாழ 27 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். விதியோ கூரைக்கு மேல் 5 மீட்டர் என்கிறது. நான்கு மாடிக் கட்டடம் உள்ள நகரத்துக்கு அது குறையே அல்ல. ஒற்றைத் தளம் கட்டிய கிராமத்து வீட்டுக்கோ மொத்த உயரம் 9 மீட்டரைத் தாண்டாது. ஆன்டெனா தென்னை மட்டைக்குக் கீழே நிற்கும். மழைக்காலத்தில் நனைந்த ஓலை எவ்வளவு திறனையும் குடித்துவிடும். ஒரே அளவுகோல் எல்லோருக்கும் பொது என்று தோன்றினாலும், இந்த ஒரு வரி ஊர்ப்புறத்தின் கையைக் கட்டிப்போடுகிறது.

வழி எளிது. நம் ஊர்களில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளுக்கும் கொம்யூன் அலுவலகங்களுக்கும் சொந்தக் கட்டடம் இருக்கிறது. நீண்ட இணைப்பை 3 கிலோமீட்டர் தாவல்களாகப் பிரித்தால் மரத்துக்கு மேல் தேவைப்படும் இடைவெளி 10 மீட்டரிலிருந்து 6 மீட்டராகக் குறையும். 2018 அக்டோபரில் மத்திய அரசு உரிமமின்றித் திறந்துவிட்ட 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளில் அது இன்னும் குறையும். நல்ல உயரமுள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியும் அதன் மேல் ஒரு சிறு கம்பமும் போதும். பொதுப் பயனுக்கான கிராமப்புற இணைப்புகளுக்கு 5 மீட்டர் நிபந்தனையைத் தொட்டி போன்ற பொதுக் கட்டுமானங்களையும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை. உயரம் கூடினால் இடையூறும் தொலைதூரம் போகுமே என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதனால்தான் இந்தச் சலுகையைத் திசை குவிந்த ஆன்டெனாக்களுக்கு மட்டும், இடத்தையும் திசையையும் இணையத்தில் பதிவு செய்யும் கடமையோடு தர வேண்டும். எல்லாத் திசையிலும் பரப்பும் ஆன்டெனாவுக்குப் பழைய நிபந்தனையே நீடிக்கட்டும். குவிந்த கதிர், வழியில் உள்ளவரைத் தவிர மற்றவரை மிகக் குறைவாகவே தொடும்.

திறனைவிட முக்கியமானது வேறொன்றும் உண்டு என்பதைத் தேனி காட்டியிருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேனி மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களையும் நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. கிராமத்து மையத்தில் அமர்ந்த நோயாளியை நகரத்து மருத்துவர் காணொளியில் பார்த்தார். அந்த வலையமைப்பைப் பல ஆண்டுகள் பராமரித்த அனுபவத்தை ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். கருவிகள் செயலிழந்ததற்கு மிகப் பெரும் காரணமாக அவர்கள் கண்டது தரமற்ற மின்சாரம்: திடீர் மின்னழுத்த ஏற்றம், இறக்கம், அடிக்கடி மின்வெட்டு. ரவுட்டருக்குத் தரும் வாட்டைக் கூட்டுவதற்குச் செலவிடும் பணத்தை நல்ல எர்த்திங்குக்கும் மின்னல் தடுப்புக்கும் பேட்டரிக்கும் செலவிட்டால் கிராமம் அதிக நாள் இணைப்பில் இருக்கும்.

மறுபக்கத்திலிருந்து ஓர் அச்சமும் வருகிறது: 4 வாட்டே உடலுக்கு ஆபத்தில்லையா? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் வானொலி அலைகளைப் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்ற ஐயத்துக்குரிய 2பி பிரிவில் வைத்தது. அதனால் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட மாட்டேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த அலைவரிசைக்குப் பன்னாட்டு வழிகாட்டு வரம்பு ஒரு சதுர மீட்டருக்கு 10 வாட். கைபேசிக் கோபுரங்களுக்கு இந்தியா 2012 செப்டம்பரில் இதைப் பத்தில் ஒரு பங்காக, 1 வாட்டாகக் குறைத்தது. 4 வாட் முழுவதும் நம் பக்கம் திரும்பியிருந்தாலும் 1 மீட்டர் தள்ளி நின்றால் படுவது 0.32 வாட், 10 மீட்டரில் 0.003 வாட். 0.1 வாட் வீட்டு ரவுட்டரிலிருந்து 1 மீட்டரில் 0.008 வாட். ஆன்டெனாவுக்கு ஒரு சாண் அருகே போனால்தான் 8 வாட்டை நெருங்கி, பன்னாட்டு எல்லையைத் தொடுவதுபோல் வருகிறது. வரம்பை 40 வாட்டாக்கினால் அதே ஒரு சாணில் 80 வாட் படும். எனவே இன்றைய வரம்பு மனித உடலுக்கும் நியாயமான காவல். அதை உயர்த்தினால் அந்தக் காவல் போய்விடும். தட்டு ஆன்டெனாவைக் கை எட்டாத உயரத்தில் வைப்பது இங்கும் நல்லதையே செய்கிறது.

வரம்பு ஏட்டில் இருந்தால் போதாது. 2009 முதல் பியூர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய வானிலை ராடாரில், வெளியிடங்களில் வைத்த 5 கிகாஹெர்ட்ஸ் இணையக் கருவிகள் இடையூறு விளைவித்ததை அமெரிக்க அதிகாரிகள் கண்டறிந்தார்கள். ராடார் அலையை உணர்ந்தால் விலகிக்கொள்ளும்படி கருவியில் வைத்திருந்த ஏற்பாடு முறையாக இயங்காதது ஒரு முக்கியக் காரணம். புயல் தாக்கும் கரையில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. நம் நாட்டிலும் அனுமதியற்ற வாக்கிடாக்கிகளை விற்றதற்காக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்தக் கண்டிப்பு வைஃபை பூஸ்டர்களுக்கும் நீள வேண்டும். வாங்கும் கிராமத்தாரைத் தண்டிப்பதில் பயனில்லை. விற்பவரிடம் தடுக்க வேண்டும்.

ஆக, கேட்க வேண்டியது நான்கு. மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 4 வாட் வரம்பை நாடு முழுவதும் ஒன்றாகவே வைத்திருக்கட்டும். திசை குவிந்த கிராமப்புற இணைப்புகளுக்கு உயர நிபந்தனையைத் திருத்தட்டும். புதுச்சேரி நிர்வாகம் புதுச்சேரி மாவட்டத்தின் ஐந்து கொம்யூன்களிலும் எந்தத் தண்ணீர்த் தொட்டியும் பள்ளிக் கூரையும் எந்த ஊரைப் பார்க்கின்றன என்று ஒரு வரைபடம் தயாரித்து, எர்த்திங்கோடு அவற்றைப் பொதுப் பயனுக்குத் திறந்துவிடட்டும். வரம்பு மீறிய கருவிகள் சந்தைக்கு வராமல் பார்க்கட்டும். கடைமடைக்கு நீர் வரவில்லை என்றால் பாகூர் விவசாயி மதகை உடைக்கச் சொல்வதில்லை, வாய்க்காலைத் தூர் வாரத்தான் சொல்கிறார். 1998-இல் வில்லியனூரில் தொடங்கிய வேலையை முடிக்க அந்த அறிவு போதும்.