பரண் மேல் ஒரு 486

பழைய கம்ப்யூட்டர் எதனால் செத்துப்போகிறது? இடி, எலி, வைரஸ் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பல கேஸ்களில் கொலைகாரன் உள்ளேயே இருக்கிறான். மதர்போர்டின் ஓரத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் பீப்பாய் பேட்டரி. ஸ்விட்சை அணைத்த பிறகும் தேதி, நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது அதன் உத்தியோகம். ரிட்டயர் ஆகியும் ஸீட்டை விடாத ஆசாமிகளை உங்கள் ஆபீஸிலும் பார்த்திருப்பீர்கள். அந்த ஜாதி.

386, 486 காலத்து போர்டுகள் பலவற்றில் இருந்தது 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. வயசானால் கசியும். கசிவது ஆசிட் இல்லை, காரம். பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு. மயிரிழை போன்ற செம்புக் கோடுகளை வருஷக்கணக்கில் பொறுமையாகத் தின்னும். கரண்டே வேண்டாம், சும்மா கிடந்தாலே போதும்.

அப்படிக் கிடந்த ஒன்றை நண்பர் ஒருவர் போன மாசம் சாக்குப்பையில் கொண்டுவந்தார். 90-களில் அரிசி ஆலையில் மூட்டைக் கணக்குப் போட்ட 486. ஆலையில் கணக்குப்பிள்ளையாக இருந்த அவர் அப்பா, கழித்துப்போட்ட மெஷினை வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். வீடு கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம். இருபது வருஷம் பரணில், மழைக்கால ஈரத்தில்.

"பழைய இரும்புக்காரர் முந்நூறு ரூபா தரேன்னார் ஸார். உள்ள தங்கம் இருக்காமே?"

"இருக்கு. ஒரு மோதிரத்துக்குக் காணாது."

"தங்கம் வேணாம் ஸார். டேவ் ஆடணும்."

டேஞ்சரஸ் டேவ். ஜான் ரொமேரோ எழுதிய விளையாட்டு. டாஸுக்கு 1990-ல் வந்தது. கோப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டுகிற தொப்பிக்காரன். ஞாயிற்றுக்கிழமை மூட்டைக் கணக்கு முடிந்ததும் பையனுக்கு அரை மணி நேரம் என்பது அப்பாவின் சட்டம். அப்பா போன வருஷம் தவறிவிட்டார்.

"டாஸ்பாக்ஸ்னு ஒண்ணு இருக்கே, லேப்டாப்லயே ஆடலாமே" என்றேன்.

"ஆடிப் பார்த்துட்டேன் ஸார். அது டேவ்தான். இது எங்கப்பா மெஷின்."

அப்புறம் என்ன பேச முடியும்?

2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்குக் கலெக்டர் வந்துவிட்டார். 486 போர்டுக்கு டாக்டர் வரவில்லை. கடைசியில் கோமுகி அணைக்குப் போகிற வழியில், கச்சிராப்பாளையத்தில், பழைய டிவி மெக்கானிக் ஒருவர் கிடைத்தார். போர்டைப் பார்த்ததும், "என்னாப்பா, பாசி புடிச்சிருக்கு?" என்றார். பேட்டரியைச் சுற்றிப் பச்சைப் பச்சையாக இருந்தது.

வைத்தியம் சுலபம், பொறுமைதான் கஷ்டம். முதலில் பேட்டரியை வெட்டி எடுக்க வேண்டும். காரத்தை முறிக்க வினிகர். காது குடையும் பஞ்சால் தடவ, நுரைத்தது. பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் சுத்தம். அப்புறம் மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, ஒவ்வொரு கோடாக நாடி பிடிக்க வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்து வீடு கீபோர்டு ஸாக்கெட். அதற்குப் போகும் இரண்டு கோடுகள் அறுந்திருந்தன. மெல்லிய கம்பியால் பாலம் போட்டார்.

பேட்டரிக்குப் பதில் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. இங்கேதான் ஜாக்கிரதை. போர்டு பழைய பழக்கத்தில் அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும். பொத்தான் பேட்டரி அதைத் தாங்காது, வெடித்தாலும் வெடிக்கும். அதனால் நடுவே ஒரு டயோடு. கரண்டுக்கு ஒன்வே டிராஃபிக்.

ஹார்ட் டிஸ்க் எப்போதோ காலமாகிவிட்டது. காமிராவுக்குப் போடும் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை ஒரு அடாப்டரில் செருகினால், அதையே ஹார்ட் டிஸ்க் என்று நம்புகிறது 486. அப்பாவி. அந்தக் கால பயாஸ்கள் பலவும் 504 மெகாபைட்டுக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. 'போதும்' என்று சொல்லத் தெரிந்த கடைசி கம்ப்யூட்டர் தலைமுறை. ராமை 4-லிருந்து 16 மெகாபைட் ஆக்கினோம். 1993-ல் வந்த டூமுக்கே 4 போதும் என்பதால் இது ராஜபோகம்.

முன்பக்கம் டர்போ என்று ஒரு பட்டன் உண்டு. பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மெஷினின் முழு வேகமே டர்போதான். பட்டனை விடுவித்தால் நிதானமாகும். பிராசஸர் வேகத்தை நம்பியே எழுதப்பட்ட ஆதிகால விளையாட்டுகள் புது மெஷினில் தலைதெறிக்க ஓடியதால், அவற்றுக்காகச் செய்த ஏற்பாடு. வாழ்க்கைக்கும் ஒன்று இருந்தால் திங்கட்கிழமைகளில் உபயோகப்படும்.

இரண்டாவது ஞாயிறு, ஸ்பீக்கர் 'பீப்' என்றது. நண்பர் கணக்காக அரை மணி நேரம் ஆடினார். நிமிர்ந்து கடிகாரம் பார்த்தார், எழுந்துவிட்டார். "இன்னும் ஆடேம்பா" என்றார் மெக்கானிக். "டைம் ஆச்சு ஸார்" என்றார் நண்பர்.

உங்கள் பரணிலும் ஒன்று இருக்கலாம். பொத்தான் பேட்டரி போட்ட பிற்கால போர்டு என்றால் அவசரமில்லை. பீப்பாய் என்றால் இந்த ஞாயிறே ஏணி போடுங்கள். மெஷின் இன்னும் ஓடினால், ஹார்ட் டிஸ்க் செட்டிங்கை ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டு, பேட்டரியை வெட்டி எடுங்கள். தேதி மறந்துபோகும். போகட்டும். கல்யாண நாளை மறந்த புருஷர்களே பிழைத்துக்கிடக்கவில்லையா?