கல்லுக்கு வரவேற்பு, பூசாரிக்குத் தடை

போன வாரம் கடற்கரையில் நடக்கும்போது நண்பர் ஒருவர் ஆரம்பித்தார்: "ரோமானியர்களுக்கு இருந்த பரந்த மனசு யாருக்கு சார் வரும்? எந்த ஊர் சாமி வந்தாலும் கோயில் கட்டினார்கள்!" பள்ளிக்கூடத்தில் எங்கள் பிரெஞ்சு முசியேவும் இதையேதான் சொல்வார். அன்றைக்குத் தலையாட்டினேன். இப்போது ஆட்டுவதாக இல்லை.

சிபெலே கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹன்னிபால் இத்தாலிக்குள் புகுந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் விரட்ட முடியவில்லை. வானத்திலிருந்து கல் விழுகிறது என்று ஊரெல்லாம் பீதி. சிபில்லா ஏடுகளைப் புரட்டினார்கள். இடா மலைத் தாயைக் கொண்டுவந்தால் எதிரி ஓடுவான் என்று வந்தது. இன்றைய துருக்கியிலிருந்து, பெர்கமோன் அரசன் அட்டலஸின் தயவில், அவளுடைய கறுப்புக் கல் கி.மு. 204-ல் கப்பலேறி வந்தது. ஊரிலேயே உத்தமன் என்று செனட் தேர்ந்தெடுத்த ஸ்கிபியோ நாசிகா போய் வாங்கிக்கொண்டான். கி.மு. 191-ல் பாலடைன் குன்றில் அவளுக்குத் தனிக் கோயில்.

இது பரந்த மனசா? ஆபத்துக்கு வேண்டுதல்!

இடா மலை டிராய்க்குப் பக்கம், நம் மூதாதையரும் டிராய்க்காரர்கள், ஆகவே அவள் நம்மவள்தான் என்றும் சொல்லிக்கொண்டார்கள். இருக்கட்டும். நம்மவள் என்றால் அவளுடைய பூசாரிகளை ஏன் ஒதுக்கினார்கள்? ஆண்மை நீக்கிக்கொண்ட அந்த ஃபிரிஜியர்கள் வண்ண உடையில், குழலும் பறையுமாக, குறிப்பிட்ட நாட்களில் மட்டும் தெருவில் காணிக்கை கேட்கலாம். ரோமானியன் எவனும் அந்த உடையில் ஊர்வலம் போகக் கூடாது, அவர்கள் முறையில் கும்பிடவும் கூடாது. செனட்டின் தீர்மானம். அகஸ்டஸ் காலத்து டயோனிசியஸ் இதைப் பெருமையாகவே எழுதிவைத்திருக்கிறார்.

காலமெல்லாம் கோப்பு எழுதியவன் நான். 'நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதிக்கப்படுகிறது' என்று எத்தனை உத்தரவு டைப் அடித்திருப்பேன்! கீழே வரும் நிபந்தனைகளைப் படித்தால்தான் மேலே கொடுத்த அனுமதியின் லட்சணம் தெரியும்.

இன்னும் சந்தேகமா? கோயில் திறந்து ஐந்தே வருஷம், கி.மு. 186-ல், பாக்கஸ் வழிபாட்டுக் கூட்டங்களை அதே செனட் இத்தாலி முழுக்க நசுக்கியது. ஏராளமானவர்களுக்கு மரண தண்டனை. பாக்கஸைச் செனட் அழைக்கவில்லை. ஜனங்கள் தாங்களாகவே கும்பிட்டார்கள். குற்றம் அதுதான் என்கிறேன் நான்.

ஏப்ரலில் சிபெலேயின் திருவிழா வரும்போது ரோமப் பிரபுக்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் விருந்து சாப்பிட்டார்கள். அவளைக் கும்பிட்டே பிறந்து வளர்ந்த ஃபிரிஜியப் பூசாரி வெளியே கையேந்திக்கொண்டு நின்றான். நண்பர் நாளைக்கும் நடக்க வருவார். இதற்கு என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும்.