நாற்பத்தெட்டு மணி நேரம்

சகோதரிகளே, இந்த வாரம் சமையல் குறிப்பும் இல்லை, தையல் குறிப்பும் இல்லை. ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். காகிதம் என்றுகூடச் சொல்வதற்கில்லை. இப்போதெல்லாம் அது கைப்பேசியிலேயே வந்து விழுந்துவிடுகிறதே!

சில மாதங்களுக்கு முன் அரக்கோணத்தில் இருக்கும் என் சித்தி மகளைப் பார்க்கப் போயிருந்தேன். கல்யாணமாகி மூன்று வருஷத்துக்குப் பிறகு முழுகாமல் இருக்கிறாள் என்ற சந்தோஷ சமாசாரம் வந்திருந்தது. கையில் மல்லிகைப் பூவும் ஒரு டப்பா மைசூர்ப்பாகுமாக ரயிலை விட்டு இறங்கினேன். வீட்டுக்குள் நுழைந்தால் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. மாப்பிள்ளை, பாவம், தினமும் விடியற்காலை மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்; அன்று லீவு போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மாமியார் பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை. இவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அக்கா, எல்லாம் போச்சு" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

முதல் நாள் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு ரிப்போர்ட் வந்திருக்கிறது. எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் 410. பக்கத்திலேயே, 'ஆறாவது வாரம்: 1,080 முதல் 56,500 வரை' என்று அச்சிட்டிருந்தது. தைராய்டுக்கான டி.எஸ்.எச். 3.1, அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அடையாளம். டாக்டரைக் கேட்க வழியில்லாத நேரம். இவள் விடிய விடியக் கைப்பேசியில் தேடிப் படித்திருக்கிறாள். படித்ததில் தனக்கு ஒத்துவந்த கெட்ட செய்தியை மட்டும் நெஞ்சில் ஏற்றிக் கொண்டுவிட்டாள்.

காலையில் டாக்டரம்மாவிடம் நானும் கூடப் போனேன். அந்த அம்மாள் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்பு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, உனக்கு மாத விலக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்?"

"முப்பத்தெட்டு நாள் ஆகும் டாக்டர். எப்போதும் அப்படித்தான்."

"அப்படியானால் நீ ஆறு வாரம் இல்லை. நாலரை வாரம்!"

விஷயம் இதுதான். கடைசியாக விலக்கான தேதியிலிருந்து வாரம் எண்ணுவது வழக்கம். இருபத்தெட்டு நாளைக்கு ஒரு முறை வருகிறவர்களுக்கு அந்தக் கணக்குச் சரி. முப்பத்தெட்டு நாள் ஆகிறவளுக்குக் கரு உண்டாவதே பத்து நாள் தள்ளித்தான். லேப் காகிதத்துக்கு அது எப்படித் தெரியும்? அதே காகிதத்தில் நாலாவது வாரத்துக்கு 5 முதல் 426 வரை என்று போட்டிருந்தது. 410 அதற்குள் அழகாக அடங்கிவிட்டது!

"ஒரு எண்ணை வைத்துக் கொண்டு நான் நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து அதே லேபில் இன்னொரு முறை எடு. எவ்வளவு என்பது முக்கியமில்லை, எப்படி ஏறுகிறது என்பதுதான் முக்கியம்" என்றார் டாக்டரம்மா.

அந்த நாற்பத்தெட்டு மணி நேரம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

நம் பாட்டிமாருக்கு இந்த அவஸ்தை கிடையாது. நாள் தள்ளிப் போகும், மசக்கை வரும், மூன்று மாதம் கழிந்த பிறகு ஊருக்குச் சொல்வார்கள். 1920-களின் கடைசியில் பெர்லினில் ஆஷ்ஹைம், ஸோண்டெக் என்ற இரண்டு டாக்டர்கள் கர்ப்பிணியின் சிறுநீரை எலிக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்துக் கர்ப்பத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறகு முயலும் தவளையும் வந்தன. அவையெல்லாம் 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் சொல்லும். எச்.சி.ஜி.யைத் துல்லியமாகப் பிரித்து அளக்கும் ரத்தப் பரிசோதனை 1972-ல்தான் வந்தது. எண் வந்தது, எண்ணோடு கவலையும் வந்தது.

அந்த எண் என்ன சொல்கிறது? கருப்பையில் கரு ஒட்டிக்கொண்டதும், பின்னால் நஞ்சுக்கொடியாக வளரப் போகும் பகுதி இந்த ஹார்மோனைச் சுரக்கிறது. ஆரம்ப வாரங்களில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை ஏறக்குறைய இரட்டிப்பாகும். 'இரட்டிப்பாகாவிட்டால் போச்சு' என்று பயப்பட வேண்டாம். முதல் அளவு 1,500-க்குக் கீழே இருந்தால், இரண்டு நாளில் பாதி அளவு கூடினாலும் நல்ல கர்ப்பமாக இருக்கலாம். அளவு பெருகப் பெருக ஏறும் வேகம் குறையும். பத்தாவது வாரத்தையொட்டி உச்சிக்குப் போய், பிறகு தானே இறங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

சிவப்பு அடையாளம் போட்ட தைராய்டு சமாசாரத்துக்கும் இதே கதைதான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்கு 2.5-க்கு மேல் போகக் கூடாது என்று 2011-ல் அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொன்னது. அதே சங்கம் 2017-ல் அதைச் சுமார் 4 என்று தளர்த்தியது. சில காகிதங்களில் இன்னும் பழைய வரம்புதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள். முதல் சில மாதங்களுக்குக் குழந்தை அம்மாவின் தைராய்டையே நம்பி இருக்கிறது. மாத்திரை கொடுத்தால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, காப்பிக்கு அரைமணியாவது பொறுங்கள். இரும்புச் சத்து மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

புரொஜெஸ்டிரோன் என்று இன்னொரு எண் உண்டு. அது ஒரே நாளிலேயே ஏறும், இறங்கும். குறைந்திருக்கிறது என்றதும் மாத்திரை வாங்கி வர மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2019-ல் இங்கிலாந்தில் 4,153 பெண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. ஆரம்பக் கர்ப்பத்தில் உதிரம் கண்டவர்கள் அவர்கள். மொத்தத்தில் அந்த மருந்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் முன்பே கரு கலைந்திருந்தவர்களுக்கு ஓரளவு பலன் இருந்தது. ஆகவே யாருக்கு வேண்டும் என்பதை டாக்டர் தீர்மானிக்கட்டும். அவர் கொடுத்ததை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கொடுத்ததை நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம்.

சரி, அந்த இரண்டு நாளை எப்படிக் கழிப்பது? என் தங்கைக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இரவில் கைப்பேசியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு. கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி வை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விடாதே. இரண்டாவது பரிசோதனைக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ரசம் சாதமாவது சாப்பிடு. படுத்தே கிடந்தால் கரு நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எழுந்து வாசலில் கோலம் போடு. ஊர் முழுக்கச் சொல்லாதே, ஆனால் ஒருத்தரிடமாவது மனம் விட்டுப் பேசு.

ஒரே ஒரு எச்சரிக்கை. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், அதிக உதிரப் போக்கு - இவற்றில் ஏதாவது வந்தால் நாற்பத்தெட்டு மணி நேரமும் வேண்டாம், நாற்பத்தெட்டு நிமிஷமும் வேண்டாம். கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. உடனே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதையெல்லாம் இவள் எங்கே படித்துவிட்டு எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். எட்டு வருஷத்துக்கு முன் இதே நாற்பத்தெட்டு மணி நேரத்தை நானும் எண்ணினேன். எனக்கு முதலில் 620. இரண்டு நாள் கழித்து 655. அடுத்த முறை 590. டாக்டர் என் கையைப் பிடித்துக் கொண்டு, "இது நிற்காதம்மா" என்றார். எண் முழுக்க இறங்கும் வரை வாரா வாரம் ரத்தம் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஊசியை விட வேறொன்று அதிகமாகக் குத்தியது. ஓடிப் போய்ப் பஸ் ஏறினேனே, அதனாலா? தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேனே, அதனாலா? உறவிலே ஒரு அம்மாள் வந்து, "பப்பாளி சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்வியை மறக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

கடைசியில் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். "நீ எதுவும் செய்யவில்லை. ஆரம்பத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். கரு உண்டான கணத்திலேயே அது முடிவாகிவிடுகிறது. குடமும் காரணமில்லை, பஸ்ஸும் காரணமில்லை" என்றார். தெரிய வந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படிக் கலைகிறதாம். இத்தனை வீடுகளில் நடக்கிற ஒன்றை நாம் ஏன் இவ்வளவு ரகசியமாக, இவ்வளவு குற்ற உணர்ச்சியோடு சுமக்கிறோம்?

வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு தகவல். கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் கொடுத்த உரிமை. அதற்கு முந்தின பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது எண்பது நாள் வேலை செய்திருக்க வேண்டும். 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. டாக்டரிடம் சான்று வாங்கிக் கொள்ளுங்கள். நான் அன்று அது தெரியாமல் நாலாம் நாளே ஆபீசுக்குப் போய், மேஜையில் தலை வைத்து அழுதேன்.

அரக்கோணத்துக்கு வருவோம். இரண்டாவது ரிப்போர்ட் மறுநாள் மாலை வந்தது. திறக்க யாருக்கும் தைரியம் இல்லை. மாமியார்தான் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிப்பது போல ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். "ஏழு... ஆறு... சைபர்." எழுநூற்று அறுபது! இரண்டு நாளில் நூற்றுக்கு எண்பத்தைந்து கூடியிருக்கிறது.

"இப்போதே பாயசம் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து ஸ்கேனில் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. பார்த்தார்கள். திரையில் ஒரு சின்னத் துடிப்பு, அகல் விளக்கின் சுடர் மாதிரி. மாப்பிள்ளை வேலைக்குப் போகும் ரயிலிலிருந்தே எனக்குப் போன் பண்ணினார். ரயில் சத்தத்தில் அவர் சொன்னது பாதி கேட்கவில்லை. கேட்ட பாதி போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு வாரத்துக்குள் பெயர் பதிவு செய்து கொண்டால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள அரசு உதவிக்கும் வழி உண்டு என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சொன்னாராம். அதையும் முடித்துவிட்டார்கள்.

மருமகள் பிழைத்து வந்தால் திருத்தணி மலைக்கு 365 படியும் ஏற வைப்பதாக மாமியார் வேண்டிக் கொண்டிருந்தார். மசக்கையில் தள்ளாடும் பெண்ணைப் பார்த்துவிட்டு, "வேண்டிக் கொண்டவள் நான், நானே ஏறுகிறேன்" என்று போய் ஏறிவிட்டு வந்தாராம். மறுநாள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டது மருமகள்.

எனக்கும் மறு வருஷம் ஒரு பெண் பிறந்தாள். இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஆனாலும் அந்த 590-ஐ நான் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், ஆபீசில் அடுத்த நாற்காலியில், இன்று யாரோ ஒருத்தி இந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தை எண்ணிக் கொண்டிருக்கலாம். அவளிடம் பப்பாளி சாப்பிட்டாயா என்று கேட்காதீர்கள். ஒரு டம்ளர் மோர் கலந்து கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். அது போதும்.