கோட்டைத் தேவாலயம் சொல்லாத கணக்கு

சென்னைக் கோட்டை என்றதும் நமக்குத் தலைமைச் செயலகமும் சட்டசபையும்தான் நினைவுக்கு வரும். கூலி உயர்வு கேட்டும் பஞ்சப்படி கேட்டும் நாம் அனுப்பும் மனுக்கள் போய்ச் சேருகிற இடம் அது. அதே கோட்டைக்குள் சின்னதாக ஒரு பழைய தேவாலயம் நிற்கிறது. பெயர் செயின்ட் மேரி தேவாலயம். 1678-ல் வேலை தொடங்கி, 1680 அக்டோபர் 28-ந் தேதி திறந்தார்கள். சுவர் நாலடி கனம். கூரை பீரங்கிக் குண்டைத் தாங்கும்படி வளைத்துக் கட்டியது. ஆண்டவனைத் தொழும் இடத்திற்குக் குண்டைப் பற்றிய கவலை ஏன்? கட்டியவர்கள் கும்பினி வியாபாரிகள்! அவர்களுக்கு ஜெபமும் யுத்தமும் வியாபாரமும் ஒரே மதிலுக்குள்தான்.

துரைமார் தங்கள் கைப்பணத்தைச் சந்தாவாகப் போட்டுக் கட்டினார்கள் என்று சரித்திரம் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? துணியிலிருந்து வந்தது. 1639-ல் கும்பினி சென்னையில் இடம் பிடித்ததே துணிக்காகத்தான். முன்பணம் கொடுத்து நெசவாளியைக் கட்டிப்போட்டார்கள். துறைமுகமே இல்லாத கரையில் படகுக்காரன் உயிரைப் பணயம் வைத்து அலையைத் தாண்டி மூட்டைகளைக் கப்பலில் சேர்த்தான். லாபம் லண்டனுக்குப் போயிற்று.

இந்தத் தேவாலயத்தின் பதிவேட்டில் உள்ள முதல் கல்யாணம், 1680 நவம்பரில் நடந்த எலிஹு யேலின் கல்யாணம். 1687 முதல் 1692 வரை கோட்டையின் கவர்னர் அவர்தான். ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று கோட்டை நிர்வாகம் உத்தரவு போட்டது அந்த 1680-களில்தான். 1718-ல் அவர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குத் துணி முதலான சரக்கு 9 மூட்டை அனுப்பினார். அது 562 பவுனுக்கு விற்றது. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்! இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான். அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக அது 2024-ல் மன்னிப்புக் கேட்டது.

1753-ல் ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்ததும் இங்கேதான். இதே கோட்டையிலிருந்து ஆண்ட கும்பினியின் படைதான் 1783-ல் புல்லர்ட்டன் தலைமையிலும், 1790-ல் மெடோஸ் தலைமையிலும் நம் தாராபுரத்தைப் பிடித்தது.

தோழர்களே! அங்கே தொழும் மக்களின் நம்பிக்கையோடு நமக்குப் பகை இல்லை. கட்டடத்தோடும் பகை இல்லை. செங்கல் சுமந்தவனும் சுண்ணாம்பு அரைத்தவளும் நம் வர்க்கம். அவர்கள் கைவேலைதான் முன்னூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. அதைக் கண்போல் காக்க வேண்டும். ஆனால் கவர்னர்களுக்கும் தளபதிகளுக்கும் அங்கே பளிங்கில் நினைவுக்கல் உண்டு. நெசவாளிக்கும் படகுக்காரனுக்கும் கப்பலேற்றப்பட்ட அடிமைக்கும் எங்கே?

கோட்டைக்குள்ளேயே அருங்காட்சியகம் நடத்தும் மத்தியத் தொல்லியல் துறையிடம் நாம் கேட்பது இதுதான்: இந்தக் கணக்கு முழுவதையும் தேவாலய வாசலில் தமிழில் எழுதி வையுங்கள்.

பழங்கதை நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். இன்றும் திருப்பூர் பனியன் கப்பலேறிப் போகிறது. கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாக ஆசை காட்டி, இளம்பெண்களை மில் விடுதிகளில் அடைத்து வேலை வாங்கிய ‘சுமங்கலித் திட்டம்’ நம் வட்டாரம் கண்டதுதான். அன்று நெசவாளியைக் கட்டிய கயிறும் இதே நூலில் திரித்ததே. அதை அறுக்கிற பலம் சங்கத்தில் ஒன்றுசேரும் நம் கைகளுக்கே உண்டு!