நண்பனின் மரணம் தொடங்கிவைத்த வகுப்பு

2011 ஏப்ரல் 20. லிபியாவில் மிஸ்ராட்டா நகரம். அதிபர் கடாஃபியின் படைகளுக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் இடையே தெருத்தெருவாகச் சண்டை. அதைப் படமெடுக்கப் போயிருந்த சில பத்திரிகையாளர்களுக்குப் பக்கத்தில் ஒரு குண்டு விழுந்து வெடித்தது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் கிறிஸ் ஹான்ட்ரோஸுக்குத் தலையில் படுகாயம். பிரிட்டனைச் சேர்ந்த டிம் ஹெதரிங்டனுக்குத் தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் குண்டுச் சிதறல் பாய்ந்திருந்தது. அவரை ஒரு பிக்-அப் வண்டியின் பின்னால் ஏற்றினார்கள். ஸ்பெயின் நாட்டுப் புகைப்படக்காரர் ஒருவர் டிம்மின் கையைப் பிடித்தபடியே உடன் வந்தார். வண்டி மருத்துவமனையை எட்டுவதற்குள் ரத்தம் அதிகமாக வெளியேறி டிம்மின் உயிர் பிரிந்துவிட்டது. அவருக்கு வயது 40. கிறிஸ்ஸும் அன்றே இறந்துபோனார்.

அதற்கு இரண்டு மாதம் முன்புகூட இல்லை, ஆஸ்கர் விழாவுக்குப் போய் வந்திருந்தார் டிம். அவரும் எழுத்தாளர் செபாஸ்டியன் ஜுங்கரும் சேர்ந்து எடுத்த 'ரெஸ்ட்ரெப்போ' சிறந்த ஆவணப்படப் பிரிவில் போட்டியில் இருந்தது. ஆப்கானிஸ்தானின் கோரெங்கல் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு சிறிய ராணுவக் காவல் அரணைப் பற்றிய படம் அது. அந்த அரணுக்கு, அங்கே சண்டையில் இறந்த ஓர் இளம் சிப்பாயின் பெயரை வைத்திருந்தார்கள். ரெஸ்ட்ரெப்போ என்ற அந்தப் பையன், அடிபட்டவர்களுக்கு முதலுதவி செய்யும் மருத்துவ உதவியாளர்.

அவர் பெயரில் படமெடுத்த டிம்மின் பக்கத்தில், முதலுதவி தெரிந்த ஒருவர் இல்லாமல் போய்விட்டார்.

தெரியாமல் போன ஒரு விஷயம்

அந்த முறை லிபியாவுக்கு ஜுங்கரும் போவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவரால் போக முடியவில்லை. நண்பன் இறந்த செய்தி வந்தபோது இருந்த வலி ஒரு பக்கம். பிறகு, போர்க்கள மருத்துவம் தெரிந்தவர்கள் சொன்ன ஒரு விஷயம் அதைவிட அதிகமாக அவரை உலுக்கியது. டிம்முக்கு ஏற்பட்ட காயம் கட்டாயம் உயிரை எடுத்தே தீரும் காயம் அல்ல என்றார்கள் அவர்கள்.

தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காயத்துக்குள் துணியைத் திணித்து, முட்டியாலோ கையாலோ உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்தினால் ரத்தம் போகும் வேகம் குறையும். மருத்துவமனை சேரும்வரை தாக்குப்பிடிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும். டிம் நிச்சயமாகப் பிழைத்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

ஜுங்கர் தன்னையே கேட்டுக்கொண்டார். அந்த வண்டியில் அவர் இருந்திருந்தால்? அவருக்கும் தெரிந்திருக்காது. எத்தனையோ வருடங்கள் போர்முனைக்குப் போய்வந்தவர், புகழ்பெற்ற புத்தகங்கள் எழுதியவர். ரத்தத்தை எப்படி நிறுத்துவது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அடுத்த வருடமே, 2012 ஏப்ரலில், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். 'சக ஊழியரைக் காப்பாற்றப் பயிற்சி பெற்ற நிருபர்கள்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ரிஸ்க்'. போர்முனைக்குப் போகும் ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளர்களுக்குப் போர்க்கள முதலுதவிப் பயிற்சி. கட்டணம் கிடையாது. பயிற்சி முடிந்து போகும்போது கையில் ஒரு முதலுதவிப் பையும் கொடுத்தனுப்புவார்கள். பிறகு லண்டன், இஸ்தான்புல், நைரோபி என்று வகுப்பு ஊர் ஊராகப் போனது.

கரும்பலகை வைத்து நடத்தும் பாடம் அல்ல அது. செயற்கை ரத்தம் பூசிக்கொண்டு ஒருவர் தரையில் கிடந்து கத்துவார். பார்க்கிறவருக்குக் கை நடுங்கும். அந்த நடுக்கத்தோடு எங்கே அழுத்துவது, எப்படிக் கட்டுவது, எப்படித் தூக்குவது என்று திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள். பதற்றத்தில் மூளை மறந்துவிடும் விஷயத்தைக் கை மறக்காமல் செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஒரு கேபிளும் கொஞ்சம் துணியும்

இது தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, அந்த வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு சிரியாவில் நடந்தது ஒரு சாட்சி.

மேரி கோல்வினைத் தமிழர்களில் பலருக்கு நினைவிருக்கும். லண்டன் 'சண்டே டைம்ஸ்' நிருபர். இலங்கையில் பத்திரிகையாளர்கள் போகத் தடை இருந்த வன்னிக்குள் 2001-ல் போய், அங்கிருந்த மக்களின் நிலையை எழுதியவர். திரும்பி வரும் வழியில் ராணுவத் தாக்குதலில் சிக்கி இடது கண்ணின் பார்வையை இழந்தார். அதன் பிறகு அவர் அணிந்த கறுப்புக் கண்பட்டை அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது.

2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸ் நகரத்தில், பத்திரிகையாளர்கள் தங்கியிருந்த வீட்டின் மீது குண்டுகள் விழுந்தன. மேரியும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும் இறந்துபோனார்கள். மேரியுடன் போயிருந்த புகைப்படக்காரர் பால் கான்ராய்க்குக் காலில் பெரிய காயம். கையை வைத்துப் பார்த்தால் விரல்கள் உள்ளே போகும் அளவுக்கு ஓட்டை.

கான்ராய் இளவயதில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பீரங்கிப் படையில் இருந்தவர். பக்கத்தில் கிடைத்த கம்ப்யூட்டர் கேபிளையும் துணியையும் எடுத்துத் தன் காலைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஹோம்ஸிலிருந்து அவரை வெளியே கடத்திக்கொண்டுபோய் லெபனான் சேர்க்கப் பல நாட்கள் ஆயின. ஆனாலும் பிழைத்துவிட்டார். நேரில் பார்த்ததையெல்லாம் பிறகு புத்தகமாகவும் எழுதினார்.

பயிற்சி என்பது தாயத்து அல்ல. குண்டு நேராகத் தலைமேல் விழுந்தால் எந்த வகுப்பும் காப்பாற்றாது. மேரியின் அத்தனை வருட அனுபவமும் அன்று அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால், முதல் அடியில் சாகாதவர்கள் இரண்டாவதாக ரத்தப்போக்கில் சாகாமல் இருக்கலாம். அந்த இடைவெளியில்தான் பயிற்சிக்கு வேலை.

யாருக்குக் கிடைக்கிறது?

பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களும் செய்தி நிறுவனங்களும் தங்கள் நிருபரை ஆபத்தான இடத்துக்கு அனுப்பும் முன் சில நாள் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்புவது பல வருடங்களாக உள்ள வழக்கம். முதலுதவி மட்டும் இல்லை. கண்ணிவெடி, சோதனைச்சாவடி, கூட்ட நெரிசல், கடத்தல் எல்லாவற்றையும் சொல்லித்தருவார்கள். தினமும் எத்தனை மணிக்கு வீட்டுக்குத் தகவல் சொல்வது, தகவல் வராவிட்டால் வீட்டில் இருப்பவர் முதலில் யாரை அழைப்பது என்று எழுதிவைத்துவிட்டுப் போகவும் கற்றுத்தருவார்கள். ஆனால் தனியார் பயிற்சி நிறுவனங்களில் இதற்குக் கட்டணம் மிக அதிகம். நிறுவனம் கட்டினால் சரி. ஒரு படத்துக்கு இவ்வளவு, ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஃப்ரீலான்ஸ்காரர் எங்கே போவார்?

இந்தக் கேள்விக்குப் பதிலாக உருவான அமைப்புகளைப் பார்த்தால், பலவற்றின் பின்னாலும் ஒரு மரணம் இருக்கிறது. ரோரி பெக் என்ற ஃப்ரீலான்ஸ் ஒளிப்பதிவாளர் 1993 அக்டோபரில் மாஸ்கோவில், ஒஸ்தான்கினோ தொலைக்காட்சி நிலையத்துக்கு வெளியே நடந்த துப்பாக்கிச் சண்டையில் இறந்தார். அவர் மனைவி ஜூலியட் நண்பர்களுடன் சேர்ந்து 1995-ல் லண்டனில் ரோரி பெக் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஆபத்தில் சிக்கிய ஃப்ரீலான்ஸ்காரர்களுக்கும், இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் அது பண உதவி செய்கிறது. பாதுகாப்புப் பயிற்சிக்கும் உதவித்தொகை தந்திருக்கிறது. சிரியாவில் கடத்தப்பட்ட அமெரிக்க ஃப்ரீலான்ஸ் நிருபர் ஜேம்ஸ் ஃபோலி 2014-ல் கொல்லப்பட்டார். அடுத்த வருடம், ஃப்ரீலான்ஸ்காரர்களையும் சொந்த ஊழியர்களைப் போலவே கவனிக்க வேண்டும் என்ற பாதுகாப்புக் கொள்கையைச் செய்தி நிறுவனங்களும் பத்திரிகையாளர் அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்டன. பாரிஸிலிருந்து இயங்கும் 'எல்லைகளற்ற நிருபர்கள்' அமைப்பு, குண்டு துளைக்காத அங்கியையும் தலைக்கவசத்தையும் இரவல் தருகிறது. காப்பீடு எடுக்கவும் வழி செய்கிறது.

எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் இவை எட்டாத ஓர் ஆள் எப்போதும் உண்டு. வெளிநாட்டு நிருபருக்கு வண்டி ஓட்டி, மொழிபெயர்த்து, ஆள் பிடித்துக்கொடுக்கும் உள்ளூர்க்காரர்.

2009 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் அருகே 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் ஸ்டீபன் ஃபேரலையும், உடன் போன ஆப்கன் பத்திரிகையாளர் சுல்தான் முனாடியையும் தாலிபான்கள் பிடித்துக்கொண்டுபோனார்கள். நான்கு நாள் கழித்து பிரிட்டிஷ் அதிரடிப் படை வந்து ஃபேரலை மீட்டது. முனாடி துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோனார். அவருடைய உடல் அங்கேயே விடப்பட்டது. உறவினர்கள்தான் போய் எடுத்து வந்தார்கள். ஜெர்மனியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த முனாடி, விடுமுறைக்குத்தான் ஊருக்கு வந்திருந்தார். ஆப்கன் பத்திரிகையாளர்கள் கொதித்துப்போனார்கள். 'எங்கள் உயிருக்கு என்ன மதிப்பு?' என்பதுதான் அவர்களுடைய கோபத்தின் சாரம்.

உலகம் முழுவதும் கொல்லப்படும் பத்திரிகையாளர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து பறந்துவந்தவர்கள் அல்ல. சொந்த ஊரில் சொந்த மொழியில் எழுதுகிறவர்கள். பயிற்சி வகுப்போ பெரும்பாலும் ஆங்கிலத்தில், பெரிய நகரத்தில் நடக்கிறது. உதவிக்கான விண்ணப்பப் படிவமும் ஆங்கிலத்தில்தான். ஆபத்து ஓர் இடத்தில் இருக்கிறது, பயிற்சி வேறோர் இடத்தில் நடக்கிறது.

நம் ஊர்ப் பகுதிநேர நிருபர்

இதற்கு ஆப்கானிஸ்தான் வரை போக வேண்டாம். தாலுகா அளவில் வேலை பார்க்கும் பகுதிநேர நிருபர்களைத் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் பார்க்கலாம். பஸ் கவிழ்ந்தாலும், பட்டாசு ஆலையில் வெடித்தாலும், ஏரி உடைந்தாலும், இரண்டு தெருக்காரர்கள் மோதிக்கொண்டாலும், பைக்கில் முதலில் போய் நிற்பவர்களில் அவரும் ஒருவர். செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில் சம்பளம். பலருக்குக் காப்பீடு இல்லை. கையில் மொபைல் இருக்கும். பையில் ஒரு கட்டுத்துணி இருக்காது.

அவருக்கு நியூயார்க் வகுப்பு தேவையில்லை. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் செஞ்சிலுவைச் சங்கமும் இந்தியாவில் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. ஒரு மாவட்டத்தின் நிருபர்களைச் சேர்த்து இரண்டு நாள் தமிழில் வகுப்பு நடத்த ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் போதும். வேண்டியது, அதை ஏற்பாடு செய்ய ஒரு பத்திரிகை நிர்வாகமோ ஒரு பத்திரிகையாளர் சங்கமோ முன்வருவதுதான்.

அந்த வகுப்பின் அடிப்படைப் பாடம் எல்லா வீட்டுக்கும் பொதுவானது. ரத்தம் பீய்ச்சி அடித்தால், முதலில் யாரையாவது 108-க்கு அழைக்கச் சொல்ல வேண்டும். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, கையை எடுக்காமல் பலமாக அழுத்த வேண்டும். 'நின்றுவிட்டதா' என்று அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. கட்டுப்போட முடியாத தொடை இடுக்கு, அக்குள் போன்ற இடங்களில் ஆழமான காயம் என்றால், துணியை உள்ளே திணித்து அழுத்த வேண்டும். கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மீது இல்லாமல், அகலமான பட்டையால் ரத்தம் நிற்கும்வரை இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். அதன் பிறகு மருத்துவர்தான் அவிழ்க்க வேண்டும்.

படிக்க ஒரு நிமிடம் ஆகும். ஆனால் படித்தால் மட்டும் போதாது, ஒருமுறையாவது செய்து பழக வேண்டும் என்பதுதான் ஜுங்கர் நண்பனை இழந்து தெரிந்துகொண்ட பாடம். மிஸ்ராட்டாவில் அந்த வண்டியில் டிம்மின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு அன்பு குறைவில்லை, தைரியமும் குறைவில்லை. அந்த இரண்டும் உள்ளவர்கள் நம் ஊர்ச் செய்தித்தாள்களிலும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குச் சேர வேண்டியது இந்த மூன்றாவது விஷயம் மட்டும்தான். அது, இன்னொருவர் இறந்த பிறகு வராமல், அதற்கு முன்பே வர வேண்டும்.